கட்டில் கம்பியில் ஒரு விரல்

அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவர் நாத்தனார். கல்யாணமாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் கணவர் ஏதோ ஒரு சிரிப்புக் கதையை ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் புதுப்பெண் சிரித்துவிட்டாள். நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "பழத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு நிக்குமே, அது மாதிரி இருக்கியே! முந்திரிக்கொட்டை!"

அன்று ஒட்டிய பெயர்தான். சுருங்கி 'முந்திரி' ஆகி, தெருவுக்குப் போய், அவள் வேலை செய்யும் இடத்துக்கும் போய்விட்டது. வங்கியில் யாராவது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பெயரில் பொய் ஒன்றும் இல்லை. கேள்வி முடியுமுன் பதில் சொல்வாள். பஸ் நிற்குமுன் படியில் கால் வைப்பாள். துக்கச் செய்தி வருமென்று தோன்றினால் போனை எடுக்கும்போதே அழுதுகொண்டிருப்பாள்; எதிர்முனையில் கேஸ் சிலிண்டர்க்காரர் திகைத்துப் போவார்.

வேலை பெரிய சலவை நிலையம் ஒன்றில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து எடுப்பார்கள். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஒரே நொடியில் விடவேண்டும். ஒருத்தி முந்திவிட்டால் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டுவிடும். அப்புறம் இயந்திரத்தை நிறுத்தி, சூடு தணிந்த பிறகு கம்பியால் கிளறி எடுக்கவேண்டும். முந்திரியின் ஜோடி ஒரு உயரமான பெண். நெட்டை என்று பெயர். "உன்கூட வேலை செய்யறதும் ஒண்ணு, ஓடுற ரயில்ல ஏறுறதும் ஒண்ணு" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பாடவேண்டும் என்று ஆசை. குரல் என்னவோ தேன்தான். ஆனால் அந்தத் தேன் கிண்ணத்தை நீட்டுமுன்னே வழிந்துவிடும்.

அவள் பாடப் போன இடம் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறை. டாக்டர் அவளைவிடப் பல வயது இளையவர். வாயைத் திறக்கச் சொல்வதே அவருடைய பிழைப்பு. வாரம் முழுக்க வலிக்காகத் திறக்கச் சொல்வார். விடுமுறை நாளில் பாட்டுக்காகத் திறக்கச் சொல்வார். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே எல்லாரும் வரிசையாக நின்று பாடுவார்கள். கடைக்காரர்கள், பஸ் ஓட்டுநர், இரண்டு நர்ஸ்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர். கூட்டமாகப் பாடும்போது ஒரு குரல் மட்டும் எப்போதும் கதவை முதலில் திறந்துகொண்டு உள்ளே வரும். யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

டாக்டர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவளை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"அக்கா, உங்களுக்குத் தாளம் தெரியலன்னு நான் சொல்லமாட்டேன். தெரியுது. ஆனா அது வர்ற வரைக்கும் உங்களால இருக்க முடியல."

"நான் வேணும்னு செய்யல டாக்டர். பயமா இருக்கு. விட்டுடுவேனோன்னு."

"விட்டா என்ன? விட்டுப் பாருங்களேன். ஒரு மாசம் வீட்டுல பாட்டைப் பாடவே வேண்டாம். வார்த்தையை மட்டும் தாளத்துக்குப் பேசுங்க. கையால தட்டுங்க. நடந்துகிட்டே சொல்லுங்க. போன்ல டிக் டிக்னு அடிக்கிற செயலி ஒண்ணு இருக்கு, போட்டுத் தர்றேன். அப்புறம் முக்கியமா ஒண்ணு. பாட்டுக்கு நடுவுல சும்மா இருக்கிற இடம் வருது பாருங்க, அதையும் பாடணும். வாயை மூடிக்கிட்டுப் பாடணும்."

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்றீங்க."

"நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க" என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டில் பயிற்சி செய்ய அவளுக்கு இருந்தது ஒரே இடம், முன்னறை. அந்த அறையில்தான் நாத்தனார் படுத்திருந்தார்.

அண்ணி என்றுதான் முந்திரி அவரைக் கூப்பிடுவாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை தம்பி வீட்டுக்கு வருவார். வந்தால் முந்திரியைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் போகமாட்டார். சமையலறையில் அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு, "பாட்டா இது? அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடுற மாதிரி இருக்கு" என்பார். இருபது வருஷமாக இதே கதை. போன கோடையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனையில் முடிந்ததெல்லாம் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த கட்டிலை வாடகைக்கு எடுத்து ஜன்னலோரம் போட்டார்கள். அண்ணியின் கண்கள் பாதி திறந்திருக்கும். எதையும் பார்க்காது. உணவு குழாய் வழியே. வேலை முடிந்து பிற்பகலில் வந்ததும் முந்திரி அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பை மாற்றுவாள். விரிப்பு மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த முகத்தை மட்டும் நேராகப் பார்க்கமாட்டாள். வாய் திறந்து இப்போது ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று இருக்கும்.

கணவர் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். பேச்சு குறைவு. கண்ணாடியோடு பழகிப் பழகி, மனிதர்களிடமும் விரல் படாமல் பழகக் கற்றுக்கொண்டவர். அக்கா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவார், போர்வையைச் சரிசெய்வார், தன் கடைக்குப் போய்விடுவார்.

அப்படி ஒரு பிற்பகல். வெயில் ஜன்னல் வழியே வந்து கட்டிலின் பாதியை மூடியிருந்தது. முந்திரி போனை மேசையில் வைத்து டிக் டிக்கை ஓடவிட்டு, அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தபடி பாட்டின் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று கொஞ்சம் நன்றாகவே வந்தது. இரண்டாம் சரணம் வரை ஒருமுறைகூட முந்தவில்லை. மகிழ்ச்சியாகி, நெட்டைக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தாள்.

திரை கறுப்பாக இருந்தது. பொத்தானை அழுத்தினாள். சார்ஜ் தீர்ந்து போன் எப்போதோ அணைந்துபோயிருந்தது.

டிக், டிக் என்ற ஒலி மட்டும் நிற்கவில்லை.

சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை அவள் தள்ளிப்போட்டாள். பிறகு திரும்பினாள். போர்வைக்கு வெளியே அண்ணியின் இடது கை கிடந்தது. மோதிர விரல் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. எப்போதும் போட்டிருக்கும் வெள்ளி மோதிரம் கம்பியில் பட்டது. டிக். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரைக்கண் கூரையைப் பார்த்தபடியே இருந்தது.

"அண்ணி?"

டிக்.

"அண்ணி, நான் பேசறது கேக்குதா?"

டிக். அவள் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் வந்த மருத்துவர் விரலைப் பிடித்துப் பார்த்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். "நரம்பு தானா துடிக்குதும்மா. அவங்களுக்குத் தெரிஞ்சு செய்யற காரியம் இல்ல. பயப்படாதீங்க" என்றார். அவள் பயிற்சி செய்தபோது கணவர் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துவிட்டு, "அக்கா டைப் அடிக்கிறா" என்றார். அவருக்கு அது ஒரு ஆறுதல்.

முந்திரிக்கு ஆறுதல் வரவில்லை. அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சும்மா இருக்கும்போது விரல் துடிக்கவில்லை. அவள் பயிற்சியை ஆரம்பித்தால்தான் அதுவும் ஆரம்பித்தது. அவள் சரியாகச் சொன்னால் கூடவே வந்தது. முந்தினால் நின்றுவிட்டது. உயர்ந்த விரல் உயர்ந்தபடியே அந்தரத்தில் நிற்கும். அவள் வரியை மறுபடி முதலிலிருந்து எடுக்கும் வரை இறங்காது. ஏழெட்டுத் தடவை வேண்டுமென்றே முந்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே. கடைசித் தடவை விரல் நின்றபோது, அந்த அறையில் யாரோ சலித்துக்கொண்டு மூச்சு விட்டதுபோல இருந்தது. முந்திரி செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கித் தெருவுக்கு வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனால் மறுநாள் அவளே நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். ஏனென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திராது. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போனின் டிக் டிக் அவள் எப்படிச் சொன்னாலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த விரல் அவளுக்காகக் காத்திருந்தது. இருபது வருஷத்தில் அந்த அண்ணி அவளுக்காகக் காத்திருந்ததே கிடையாது.

பலன் முதலில் சலவை நிலையத்தில் தெரிந்தது. விரிப்பு ஒன்றின்பின் ஒன்றாக, ஒரு சுருக்கம் இல்லாமல் உருளைக்குள் போயிற்று. நெட்டை கையிலிருந்த விரிப்போடு அப்படியே நின்றாள்.

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"ஒழுங்கா வேலை செய்யறியே!"

பாட்டுக் கூட்டத்திலும் அந்த முந்திய குரல் காணாமல் போயிற்று. சில பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவள் வரவில்லையோ என்று. டாக்டர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லவேண்டிய தேவையே இருந்திராது.

மழை தொடங்கிய சமயம், அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் சத்தம் கேட்டது. அவள் பாடவில்லை. முனகக்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். விரல் தட்டிக்கொண்டிருந்தது. இது வேறு தாளம். மூன்று தட்டு, ஒரு சின்ன இடைவெளி, இரண்டு தட்டு; இப்படியே சில சுற்று போய், திடீரென்று ஒரு பெரிய மௌனம். உயிரே போய்விட்டதோ என்று அவள் குனிந்து மூக்கருகே கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு நீண்ட மௌனம். பிறகு சரியான இடத்தில், எதுவுமே நடக்காததுபோல, மறுபடி மூன்று தட்டு.

அன்று முதல் தினமும் அதுதான். மருத்துவர் சொன்ன நரம்புத் துடிப்பு இப்படித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருமா? வார்த்தை இல்லாமல், ராகம் இல்லாமல், யாரோ ஒரு பாட்டின் எலும்பை மட்டும் எடுத்து வைத்தது மாதிரி இருந்தது. முந்திரிக்குத் தெரிந்த எந்தப் பாட்டிலும் அது பொருந்தவில்லை. அந்த மௌனம் வரும்போதெல்லாம் அவள் முதலில் பாதியிலேயே மூச்சை விட்டுவிடுவாள். போகப்போக, முழு மௌனத்தையும் அசையாமல் இருந்து கடக்கப் பழகினாள். கணவரிடம் சொல்லவில்லை. 'அக்கா டைப் அடிக்கிறா' என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததைக் கெடுக்க மனமில்லை.

நகர மண்டபத்தில் நிகழ்ச்சிக்கு நாள் குறித்தார்கள். டாக்டர் அந்த வாரம் ஒரு புதுப் பாட்டோடு வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டே, "நானே போட்டது. நேத்துதான் முடிச்சேன். யாரும் சிரிக்கக் கூடாது" என்றார். ஒரு வரி அவர் பாட, எல்லாரும் திருப்பிப் பாடினார்கள். முந்திரி முதல் வரியைக் கேட்டபோதே கையில் ரோமம் சிலிர்த்தது. மூன்று, இடைவெளி, இரண்டு.

"இப்ப கவனமா கேளுங்க" என்றார் டாக்டர். "இங்க ஒரு பள்ளம் வருது. பாட்டு நிக்கும். நீங்க நிக்கணும், ஆனா விழுந்துடக் கூடாது. நான் கை காட்டமாட்டேன். நீங்களாத்தான் சேர்ந்து எடுக்கணும்."

எல்லாரும் விழுந்தார்கள். பஸ் ஓட்டுநர் சீக்கிரம் எடுத்தார். நர்ஸ்கள் எடுக்கவே இல்லை. முந்திரியின் குரல் ஒன்றுதான், தனியாக, சரியான இடத்தில் எழுந்தது. டாக்டர் மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் அவள் மட்டும். மூன்றாவது தடவை அவர் எல்லாரையும் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பாட்டை முன்னாடியே கேட்டிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அவள் கை ஐஸாக இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் "காய்ச்சலாங்க?" என்று கேட்டார்.

வீட்டில் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் போகும்போது கணவர் ஜன்னலைச் சாத்தியிருந்தார், அறை புழுங்கியது. முந்திரி நின்றபடியே கூடச் சேர்ந்து, டாக்டரின் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தைகள் ஒவ்வொன்றும் தட்டில் போய் உட்கார்ந்தன. முதல் சரணம், இரண்டாம் சரணம், பாட்டு முடிந்தது. அவள் வாயை மூடினாள்.

விரல் நிற்கவில்லை. பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பாலும் போயிற்று. அங்கே தாளம் மாறியது. நெருக்கமாகி, விரைந்து, பிறகு யாரோ படியேறிக் களைத்ததுபோல ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஒரே ஒரு தட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு விரல் கம்பியின்மேல் அப்படியே கிடந்தது. முந்திரி உட்கார்ந்துவிட்டாள். முடிக்கப்படாத பாட்டைத்தான் டாக்டர் கொண்டுவந்திருக்கிறார், மீதி இங்கே இருக்கிறது என்ற எண்ணம் வந்ததும், அவளுக்கு அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு டாக்டர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தானாகவே சொன்னார், "பாட்டு முடிஞ்ச மாதிரி இல்லக்கா. இன்னும் ஒரு சரணம் வேணும். எவ்வளவோ முட்டிப் பார்த்துட்டேன், வரல."

முந்திரி அவர் மேசைமேல் தட்டிக் காட்டினாள். நெருக்கமாக வருவது, விரைவது, தேய்வது, கடைசி ஒற்றைத் தட்டு.

டாக்டர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை" என்றார். அவள் தட்டினாள். அவர் உதடு அசைந்தது; வார்த்தைகள் தாமாக வந்து விழுந்துகொண்டிருந்தன. வந்ததைக் கண்டு அவருக்கே பயம்.

"எங்க கேட்டீங்க இதை?"

"எங்க வீட்டுக்கு வாங்க டாக்டர். நான் சொன்னா நம்பமாட்டீங்க."

அன்றே அவர் வந்தார். மதிய நேரம். கணவர் சாப்பிட வந்திருந்தார்; மூலையில் ஒரு கண்ணாடித் துண்டை அளந்துகொண்டிருந்தவர், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். டாக்டர் கட்டிலுக்கு அருகே போனார். பதில் வணக்கம் சொல்ல மறந்துபோனார்.

"இவங்களை எனக்குத் தெரியும்" என்றார்.

விரல் தொடங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, பாதி தனக்குத்தானே பேசினார்.

"போன வருஷம் வேர் சிகிச்சைக்கு வந்தாங்க. பல தடவை வரவேண்டியிருந்தது. வாயில கருவி இருக்கிற நேரம் பூரா சேர் கைப்பிடியில மோதிரத்தால தட்டிக்கிட்டே இருப்பாங்க. வலிக்குதாம்மான்னு கேட்டா, இல்லன்னு தலையாட்டுவாங்க. கடைசியில நான் அந்தத் தட்டுக்கே வேலை செய்ய ஆரம்பிச்சுட்டேன். எனக்கே தெரியாம. பாட்டு எனக்கு வந்ததுன்னு நினைச்சேன். இவங்கதான் அதை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க."

"ஏதாவது பேசினாங்களா?" என்றாள் முந்திரி.

"சுவத்துல எங்க கூட்டத்தோட படம் இருக்கு இல்லையா, அதைப் பார்த்தாங்க. நீங்களும் சேர்றீங்களான்னு கேட்டேன். 'எனக்குக் குரல் கிடையாது. என் தம்பி வீட்டுல ஒருத்தி இருக்கா. குரல் உண்டு, காலு நிக்காது'ன்னாங்க. யாருன்னு நான் கேக்கல."

கணவர் கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்துவைத்தார். அவர் பேசியபோது மற்ற இருவரும் அவர் இருப்பதையே அப்போதுதான் உணர்ந்தார்கள்.

"சின்ன வயசுலயும் தட்டுவா. மேசை, கதவு, தட்டு, என் முதுகு, எதுவா இருந்தாலும். அம்மாவுக்குப் பிடிக்காது. படிக்கிற பொண்ணுக்குப் பேய் பிடிச்ச மாதிரி என்ன தட்டல்னு கேப்பாங்க. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு, துணியால கையைக் கட்டி வச்சாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. அந்த விடுமுறை முழுக்க. நான்தான் சோறு ஊட்டுவேன். அப்புறம் டைப் கத்துக்கப் போனா. அங்க தட்டினா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க இல்ல."

விரல் அந்த நீண்ட மௌனத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முந்திரியும்தான். எல்லாம் சரிதான், காரணம் கிடைத்துவிட்டது, இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்த அந்தக் கண்ணுக்குப் பின்னால், யாரும் இல்லை என்று சொன்ன இடத்தில், யாரோ உட்கார்ந்து பாட்டை எந்த இடத்தில் விட்டோம் என்று சரியாக நினைவு வைத்திருந்தார்கள். கையைக் கட்டிய கட்டு மட்டும் மாறியிருந்தது. முன்பு துணி, இப்போது உடம்பே.

அன்றுமுதல் அண்ணியைத் துடைக்கும்போது அவள் அந்த முகத்தைப் பார்த்தே துடைத்தாள்.

நிகழ்ச்சி நாளில் கணவர் வீட்டில் அக்காவோடு இருந்துவிட்டார். நகர மண்டபம் நிறைந்திருந்தது. கூட்டத்தார் மேடையில் மூன்று வரிசையாக நின்றார்கள். முந்திரி முதல் வரிசையின் இடது கோடி. அவளுக்கு அப்பால் திரைச்சீலையும், பழைய பெஞ்சுகள் அடுக்கிய இருட்டும்தான். புதுப் பாட்டு கடைசியாக வந்தது. முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. டாக்டர் கையை இறக்கினார். பள்ளம் வந்தது.

அரங்கம் முழுக்க மௌனம். யாரும் இருமவில்லை. எல்லாரும் ஒரே மூச்சில் நின்றார்கள். அந்த மௌனத்துக்குள், தன் இடப்பக்கம், தோளுக்கு மிக அருகில், முந்திரி கேட்டாள்.

டிக்.

உலோகத்தில் உலோகம் படும் சத்தம். டிக். இன்னொன்று. ஓடிவிடவேண்டும், உடனே பாட ஆரம்பித்துவிடவேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பழைய முந்திரியாக இருந்தால் எடுத்தே இருப்பாள். எதிரே டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. அவர் பார்வை அவளைத் தாண்டி, அந்த இருட்டில் எங்கோ நின்றது. அவள் திரும்பவில்லை. நின்றாள். மௌனத்தின் கடைசி வரை நின்று, சரியான இடத்தில் வாயைத் திறந்தாள். அவளோடு சேர்ந்து எல்லாக் குரலும் ஒரே குரலாக எழுந்தன. கடைசிச் சரணம் நெருங்கி, விரைந்து, தேய்ந்து, ஒற்றைச் சொல்லில் முடிந்தது. கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

திரைக்குப் பின்னால் டாக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கேட்டீங்களா?" என்றார். அவள் தலையசைத்தாள். மற்றவர்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அவள் முதலில் கேட்டது, "அண்ணி தட்டினாங்களா?"

கணவர் இல்லையென்று தலையாட்டினார். "சாயங்காலம் பூரா ஒரு தட்டுகூட இல்ல. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஆனா ஒண்ணு. நடுவுல ஒரு தடவை அக்கா உதடு அசைஞ்சது. பாடற மாதிரி. சத்தம் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையைத் தொட்டுப் பார்த்தேன். வெளியில போயிட்டு வந்த கை மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு விரல் அசையவே இல்லை. முந்திரி பிற்பகல்களில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். வேண்டுமென்றே முந்தியும் பார்த்தாள். நிறுத்திச் சொல்ல யாரும் இல்லை. குளிர் விட்டுப்போன ஒரு காலையில் அண்ணி அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். மோதிரத்தைக் கழற்றமுடியாது, விரல் வீங்கியிருக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். "வேண்டாம், இருக்கட்டும்" என்று முந்திரிதான் தடுத்தாள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, நிதானமாகத் தடுத்தாள்.

இப்போது பாட்டுக் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களை அவளுக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். அவளைப் பார்த்துத் தாளம் பிடிக்கச் சொல்லி. சலவை நிலையத்தில் நெட்டை வேறு ஜோடியே வேண்டாம் என்கிறாள். அந்தப் பாட்டை இன்னும் சில இடங்களில் பாடியிருக்கிறார்கள். பாடும்போது முந்திரி ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள். இடது கோடியில் நிற்பாள். தனக்கு அப்பால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடச் சொல்வாள். ஏனென்று யாராவது கேட்டால், கை வீசிப் பாட இடம் வேண்டும் என்பாள். அவள் கை வீசிப் பாடி யாரும் பார்த்ததில்லை.